நெற் இருக்கு, ஆனா வருதில்லை

வீட்டில் இணையம் தகராறு செய்யும்போது எல்லாரும் சொல்கிற வசனம் ஒன்றுதான்: "நெற் இல்லை." கரண்ட் இல்லை, தண்ணி இல்லை என்பதுபோல அதையும் சொல்லிவிட்டு எழும்பிப் போய்விடுவோம். ஆனால் கரண்ட் இல்லை என்றால் உண்மையிலேயே இல்லை, ஒழுங்கையே இருட்டு. நெற் இல்லை என்கிறபோது ரவுட்டரில் லைற் எரிந்துகொண்டுதான் இருக்கும். போனில் அந்த விசிறி அடையாளம் முழுசாகத் தெரியும். ரிவியில் மட்டும் வட்டம் சுற்றும். ஐந்து நிமிடத்தில் தானாகவே சரிவரும், பிறகு படத்தின் முக்கியமான கட்டத்தில் திரும்பவும் சுற்றும். முழுசாகப் பழுதான சாமானைத் திருத்துவது லேசு, பழுது ஒரு இடத்தில் அசையாமல் இருக்கும். இடைக்கிடை பழுதாகிற சாமானில், நீங்கள் தேடிப் போகிற நேரம் பழுது அங்கே இராது.

நாங்கள் மூன்று சகோதரங்கள். இரண்டு பேர் யாழ்ப்பாணத்தில் வீட்டோடு, ஒராள் கொழும்பில் வேலை, லீவுக்கு வருகிற ஆள். எங்கட வீட்டு ரிவிக்குப் பின்னால் ஒரு சின்னக் கொம்பியூட்டர் இருக்கிறது. ராஸ்பெரி பை 4 என்று பெயர். வங்கி அட்டை அளவான ஒரு பலகை, அதைச் சுற்றி ஒரு பிளாஸ்ரிக் உறை, அவ்வளவுதான். 2020 தொடக்கத்தில், ஊரடங்கு வர முதல், மூன்று பேரும் காசு சேர்த்து வாங்கினது. அதில் ஓடுகிற மென்பொருளுக்குக் கோடி என்று பெயர். 2014 வரைக்கும் அதற்கு எக்ஸ்பிஎம்சி என்று வேறு பெயர் இருந்தது, அதையே விட்டிருக்கலாம். யாழ்ப்பாணத்தில் கோடி என்றால் வீட்டுக்குப் பின்புறம். "கோடியைத் திற" என்று நாங்கள் ஆளுக்காள் சொல்லும்போதெல்லாம் அம்மம்மா பின்கதவைப் பார்ப்பா.

அந்தப் பெட்டி உண்மையில் அம்மம்மாவுக்காகத்தான். அவவுக்கு ஒரு கண்ணில் கண்புரை சத்திரசிகிச்சை செய்தாயிற்று, மற்றதில் இன்னும் இல்லை. போன் திரையில் அவவுக்கு ஒன்றும் பிடிபடாது. பெரிய ரிவியில், கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, பழைய சிவாஜி படங்களும் கோயில் திருவிழா நேரலைகளும் வெளிநாட்டுக் கல்யாண வீடுகளும் பார்ப்பா. கல்யாண வீடுகளைவிடக் கூடுதலாகச் செத்த வீடுகள். இதை எழுதும்போது கொஞ்சம் ஒரு மாதிரித்தான் இருக்கிறது, ஆனால் எங்கட ஆக்கள் எல்லாருக்கும் தெரிந்த விசயம். கூடப் பிறந்தவை நாலு நாட்டில் இருந்தால், ஒருவரை ஒருவர் கடைசியாகப் பார்ப்பது யூரியூப் நேரலையில்தான்.

2023 ஆடி மாதம் அம்மம்மாவின்ர கடைசித் தம்பி ரொறன்ரோவில் மோசம் போனார். நாங்கள் கனடாத் தாத்தா என்று கூப்பிடுகிறவர். எண்பதுகளில் போனவர், பிறகு இரண்டு தரம்தான் ஊருக்கு வந்தவர். அங்கே காலை ஒன்பது மணிக்குக் கிரியை தொடங்கினால் இங்கே பின்னேரம் ஆறரை. சொந்தக்காரர் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து எங்கட ஹோலில் இருந்தார்கள். கிரியை தொடங்கி முக்கால் மணித்தியாலம் ஓரளவு ஓடியது. சுண்ணப்பாட்டு இடிக்கிற நேரம் படம் நின்றது. திரும்ப வந்தது. நின்றது. வாய்க்கரிசி போடத் தொடங்கினபோது, யாரோ ஒரு கோட் போட்ட ஆளின் முதுகோடு படம் அப்படியே உறைந்துவிட்டது. அம்மம்மா அந்த முதுகைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு கேட்டா, "அவங்கள் நிப்பாட்டிப் போட்டாங்களோ பிள்ளை?"

நாங்கள் பெட்டியை ஓஃப் பண்ணி ஓன் பண்ணி, ரவுட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணி, திரும்பவும் படம் வந்தபோது மண்டபம் வெறுமையாக இருந்தது. ஒரு பெடியன் பூமாலைகளை எடுத்து ஒரு பக்கமாக வைத்துக்கொண்டிருந்தான். அடுத்த நாள், முழுதும் பதிவில் இருக்கு அம்மம்மா, போடட்டோ என்று கேட்டோம். "முடிஞ்சதப் பாத்து என்னடா செய்யிறது" என்றுவிட்டா. பதிவுக்கும் நேரலைக்கும் அவவுக்கு இருக்கிற வித்தியாசம் எங்களுக்கு அப்பதான் விளங்கினது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் நேரலையில் வரும் என்று ரொறன்ரோவில் இருந்து சொன்னார்கள். ஆகவே எங்களுக்கு ஒரு மாதம் இருந்தது.

வந்த ஆலோசனைகளுக்குக் குறைவில்லை. புது ரவுட்டர் வாங்கு. கம்பனியை மாற்று. சிக்னலைக் கூட்டுகிற பொக்ஸ் ஒன்று வாங்கிக் கொழுவு. ரவுட்டருக்குப் பின்னால் அலுமினியத் தாள் ஒட்டு. (கடைசியாகச் சொன்னது முற்றாகப் பொய்யில்லை, தாள் அலையை ஒரு பக்கமாகத் திருப்பும். ஆனால் எந்தப் பக்கம் என்பது உங்கட கையில் இல்லை.) பெட்டியையே தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்கு என்றும் சொன்னார்கள். 2021 இலிருந்து உலகம் முழுக்க சிப் தட்டுப்பாடு, ராஸ்பெரி பை எங்கேயும் சொன்ன விலைக்குக் கிடைக்கவில்லை. அதோடு 2022 இல் டொலர் 200 ரூபாய்ப் பக்கத்தில் இருந்து 360ஐத் தாண்டிப் போனது. நாங்கள் பழையதைத் திருத்தியதில் இலட்சியம் ஒன்றும் இல்லை. புதிதுக்குக் காசு இல்லை.

வயர் இழுத்தால் எல்லாம் முடிந்துவிடுமே என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. வயர் இழுக்க முடிந்தவர்கள் இந்தக் கட்டுரையை இத்தோடு விட்டுவிட்டு வயரை இழுக்கலாம், அதைவிடத் திறமான வைத்தியம் கிடையாது. எங்கட வீடு ஓட்டு வீடு, சீலிங் இல்லை. வளையோடு இழுத்த வயரை முந்தி ஒருக்கால் அணில் அரித்துவிட்டது. நிலத்தோடு இழுத்தால் வாசற்படியில் அம்மம்மா தடக்குப்படுவா. சுவரில் துளை போட அப்பா விடமாட்டார்.

முதலில் எங்களுக்குத் துப்புக் கொடுத்தது ஒரு சின்ன விசயம். செத்த வீடு நின்றுபோன அதே நேரம், அதே ஹோலில், அதே வைஃபையில் தங்கச்சியின் போனில் நேரலை ஓடிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் கம்பனியில் பிழை இல்லை. வெளியே இருந்து வீட்டுக்குள் தண்ணி வருகிறது, ஒரு பைப்பில் மட்டும் வரவில்லை. இதை உறுதிப்படுத்த பிங் என்று ஒரு வழி இருக்கிறது. ஒரு கொம்பியூட்டர் இன்னொன்றிடம் "நிக்கிறியா?" என்று கேட்கும், மற்றது "ஓம், நிக்கிறன்" என்று சொல்லும், எவ்வளவு நேரத்தில் மறுமொழி வந்தது என்று எழுதிக் காட்டும். பெரும்பாலானவை வெளியே இருக்கிற பெரிய தளம் ஒன்றுக்குப் பிங் பண்ணிப் பார்ப்பினம். அது பிரயோசனம் குறைவு, எங்கே வெட்டுப்படுகிறது என்று தெரியாது. முதலில் உங்கட வீட்டு ரவுட்டருக்கே பிங் பண்ணுங்கள். பக்கத்து அறையில் இருக்கிற ரவுட்டருக்கு எங்கட பெட்டி நூறு தரம் கேட்டதில் இருபத்தி மூன்றுக்கு மறுமொழி இல்லை. வந்த மறுமொழிகளும் ஒன்று நாலு மில்லிவிநாடியில், அடுத்தது இருநூறில், அதற்கடுத்தது முன்னூறில். பிரச்சினை முழுக்க முழுக்க இரண்டு அறைகளுக்கு இடையில்.

படம் பார்க்கும்போது இது பெரிதாகத் தெரியாததற்கும் காரணம் இருக்கிறது. பதிவான படம் என்றால் பெட்டி முன்கூட்டியே கொஞ்சத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், இடையில் பத்து விநாடி வெட்டுப்பட்டாலும் சேமிப்பில் இருந்து காட்டிச் சமாளிக்கும். நேரலையில் நாளையப் படத்தை இன்றைக்கு இழுக்க ஏலாது. சேமிப்பு சில விநாடிக்குத்தான் இருக்கும். அதனால்தான் எங்கட பெட்டி சிவாஜியை விட்டுவிட்டுச் செத்த வீட்டில் போய் நின்றது.

தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும் மாற்றுவது என்று முடிவெடுத்தோம். ஒரேநாளில் ஐந்தை மாற்றினால் எது சுகப்படுத்தினது என்று தெரியாது. எழுதத் தொடங்கியபோதுதான் இன்னொன்று தெரிந்தது. தாளில் வந்த சாமான் பாதிக்கு மேல் 2022 இல் இடம் மாறினவை, அல்லது 2022 இல் வீட்டுக்குள் வந்தவை.

அந்த வருசத்தை ஞாபகப்படுத்தத் தேவையில்லை. பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டு. ரவுட்டர் 12 வோல்ற்றில் ஓடுகிற சாமான், ஆகவே அதை ஹோலில் இருந்து எடுத்து, பற்றி வைத்திருந்த சாமான் அறைக்குக் கொண்டுபோய் நேரே பற்றியில் கொழுவினோம். இருட்டிலும் நெற் இருந்தது, ஒழுங்கையில் பாதிப் பிள்ளைகள் எங்கட விறாந்தையில் இருந்துதான் ஒன்லைன் வகுப்புப் படித்தார்கள். 2023 மாசிக்குப் பிறகு வெட்டு நின்றது. ரவுட்டர் மட்டும் சாமான் அறையிலேயே இருந்தது. நெற் வருகிற சாமானை ஒருத்தரும் தொடமாட்டார்கள். எங்கட வீடு பழைய சுண்ணாம்புக்கல் வீடு, சுவர் ஒன்றரை அடிக்குக் குறையாத தடிப்பு. ஹோலுக்கு வர அலை அப்படியான இரண்டு சுவரைத் தாண்ட வேண்டும்.

ஆகவே முதல் நாள் ரவுட்டரைத் திரும்பவும் ஹோலுக்குக் கொண்டுவந்து, அலுமாரிக்கு மேலே வைத்தோம். பெட்டியில் சிக்னல் மறை 74 இல் இருந்து மறை 60 ஆனது. இந்தக் கணக்கு டிபிஎம் என்ற அலகில் வரும், எப்போதும் மறை எண்தான், பூச்சியத்துக்குக் கிட்ட வரவர நல்லது. பத்துக் கூடினால் கிடைக்கிற வலு பத்து மடங்கு. பதினாலு கூடினது என்றால் இருபத்தைந்து மடங்கு. நாங்கள் தேத்தண்ணி போட்டுக் கொண்டாடிவிட்டுப் பிங் பண்ணினோம். நூற்றில் பதினேழு காணவில்லை.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறோம். சிக்னல் நல்லம், அப்பிடியெண்டா பெட்டிதான் பழுது. ஆனால் சிக்னல் எண் ஒரு பக்கத்தைத்தான் சொல்கிறது, குரல் எவ்வளவு பலமாக வருகிறது என்று. பக்கத்தில் என்ன சத்தம் கேட்கிறது என்று அது சொல்லாது. திருவிழாவில் லவுட்ஸ்பீக்கருக்குக் கீழே நின்றுகொண்டு கதைத்துப் பாருங்கள். பக்கத்தில் நிற்கிற ஆள் எவ்வளவு கத்தினாலும் விளங்காது.

இரண்டாவது, ரிவித் திரையின் மூலையில் இடைக்கிடை வருகிற ஒரு மின்னல் படம். அம்மா அதை ரிவிக்காரரின்ர விளம்பரம் என்று நினைத்திருந்தா. அது ராஸ்பெரி பை போடுகிற முறைப்பாடு. தனக்கு வருகிற கரண்ட் 4.63 வோல்ற்றுக்குக் கீழே போனால் அது அந்த மின்னலைக் காட்டும். அதற்கு வேண்டியது 5.1 வோல்ற், 3 அம்பியர். பெட்டியோடு வந்த பிளக் 2022 இல், கரண்ட் போய்த் திரும்பி வந்த ஒரு பின்னேரம், கருகிப்போனது. அந்த நேரம் ரவுணில் கிடைத்தது ஒரு போன் சார்ஜரும் இரண்டு மீற்றர் மெல்லிய வயரும். போனுக்கு அது பரவாயில்லை, போனுக்குள் பற்றி இருக்கிறது, குறைந்து வந்தாலும் ஆறுதலாகக் குடிக்கும். பெட்டிக்குள் பற்றி இல்லை. மெல்லிய நீட்டு வயரில் வழியிலேயே வோல்ற் விழும். ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்குகிற நேரம் எல்லாம் சேர்ந்து தள்ளாடும். சரியான பிளக் நாலாயிரம் ரூபாய்க்குக் கிட்ட வந்தது. இந்தத் திருத்தலுக்கு நாங்கள் செலவழித்த காசு அவ்வளவும் அதுதான். மின்னல் போனது. டிஸ்க்கில் இடைக்கிடை கேட்ட டிக் டிக் சத்தமும் போனது. பிங்கில் பதினொன்று காணவில்லை.

மூன்றாவதுக்குக் காசும் இல்லை, ஏணியும் தேவையில்லை. வைஃபை சிப்புகளுக்குக் கரண்டை மிச்சம்பிடிக்கிற ஒரு குணம் உண்டு. வேலை இல்லாத நேரம் கண்ணை மூடும். ரவுட்டர் விநாடிக்குப் பத்துத் தரம் அளவில் ஒரு அறிவிப்புப் போடும், அதைக் கேட்க மட்டும் எழும்பி, தனக்குக் கடிதம் ஏதும் இருக்கா என்று பார்த்துவிட்டுத் திரும்பவும் படுக்கும். பற்றியில் ஓடுகிற போனுக்கு இது கட்டாயம் வேண்டும். சுவர்ப் பிளக்கில் ஓடுகிற பெட்டி எதற்குப் படுக்க வேண்டும்? அதை நிப்பாட்ட ஒரே ஒரு வரிக் கட்டளை போதும். பெட்டியை ஓஃப் பண்ணி ஓன் பண்ணினால் பழைய குணம் திரும்ப வந்துவிடும், ஆகவே அந்த வரியை ஒவ்வொரு தரமும் தானாக ஓடுகிற தொடக்கக் கோப்பில் எழுதிவிட வேண்டும். எழுதினோம். இருநூறு, முன்னூறு என்று துள்ளிக்கொண்டிருந்த மில்லிவிநாடிகள் நாலு, ஐந்துக்கு வந்தன. காணாமல் போகிறவை மட்டும் ஒன்பதில் நின்றன.

பிறகு ஒரு கிழமை ஒன்றும் நகரவில்லை. ரிவிக்குப் பின்னால் ஒட்டியிருந்த பெட்டியைப் பக்கவாட்டில் ஒரு முழம் தள்ளி வைத்தோம், ரிவியின் பின்பக்கத் தகடு மறைக்காமல். ஒன்று குறைந்தது. கொழும்பில் இருக்கிற ஆள் இரவில் போன் எடுத்து அதைச் செய், இதைச் செய் என்று சொல்ல, வீட்டில் நிற்கிற இரண்டு பேரும் "நீ வந்து செய்" என்று சொன்ன நாட்கள் அவை. இதற்கிடையில் அம்மம்மா எட்டுச் செலவு முடிந்து நாட்களை எண்ணிக்கொண்டிருந்தா.

பழுதைப் பிடித்தது யாருடைய கெட்டித்தனத்தாலும் இல்லை. படம் கொப்பி பண்ணுவதற்காகத் தங்கச்சி ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி லப்டொப்பில் கொழுவினா. அந்த நேரம் சும்மா ஓடிக்கொண்டிருந்த பிங் நூற்றுக்கு நூறும் திரும்பி வந்தது. டிஸ்க்கைத் திரும்பக் கொழுவினோம், எட்டுக் காணவில்லை. கழற்றினோம், எல்லாம் வந்தது. மந்திரம் போல ஐந்தாறு தரம் செய்து பார்த்தோம்.

அதுவும் 2022 சாமான். பகலில் டேற்றா காசு, நள்ளிரவுக்குப் பிறகு மலிவு, அதனால் இரவில் இறக்கி வைத்துப் பகலில் பார்க்க வாங்கின டிஸ்க். யூஎஸ்பி 3 ரகம். ராஸ்பெரி பையில் நீலமாக இரண்டு துவாரம், கறுப்பாக இரண்டு துவாரம் இருக்கும். நீலம் யூஎஸ்பி 3, கறுப்பு யூஎஸ்பி 2. நாங்கள் நீலத்தில் கொழுவியிருந்தோம், வேகமானதில்தானே எவரும் கொழுவுவார். யூஎஸ்பி 3 விநாடிக்கு ஐந்து கிகாபிற் வேகத்தில் ஓடும்போது, வயரிலும் கொழுவுகிற இடத்திலும் இருந்து ஒரு இரைச்சல் வெளியே கசியும். அந்த இரைச்சல் விழுகிற இடங்களில் ஒன்று 2.4 கிகாஹேட்ஸ், வைஃபை கதைக்கிற அதே இடம். இது இரகசியம் இல்லை, இன்டெல் நிறுவனம் 2012 இலேயே அளந்து அறிக்கையாக வெளியிட்டது. தடித்த கவசம் போட்ட வயரும், அன்ரெனாவில் இருந்து தூரமும் வைத்தியம் என்று அதில் இருக்கிறது. எங்கட டிஸ்க்கின் வயர் ஒரு சாண். பெட்டிக்கு மேலேயே டிஸ்க் குந்திக்கொண்டிருந்தது. லவுட்ஸ்பீக்கரைத் தலையில் கட்டிக்கொண்டு நின்றதற்குச் சமன்.

நாங்கள் செய்தது, டிஸ்க்கின் வயரை நீலத்தில் இருந்து கழற்றிக் கறுப்பில் கொழுவியது. அங்கே வேகம் குறைவு, விநாடிக்கு முப்பது மெகாபைற் சொச்சம்தான் வரும். ஒரு நல்ல தரமான படத்துக்கே அதில் பத்தில் ஒரு பங்கு போதும். நூற்றில் இரண்டு காணவில்லை என்ற இடத்துக்கு வந்தோம்.

பெட்டிக்கு 5 கிகாஹேட்ஸிலும் கதைக்கத் தெரியும், அங்கே இந்த இரைச்சலும் குறைவு, நெரிசலும் குறைவு. உங்கட ரவுட்டரில் அது இருந்தால் மேலே சொன்னதில் பாதி தேவைப்படாது. எங்கட ரவுட்டருக்கு 2.4 மட்டும்தான் தெரியும்.

மிச்ச இரண்டுக்கும் வீட்டுக்குள் தேடிக் களைத்து, போனில் ஒரு அப் போட்டு ஒழுங்கையைப் பார்த்தோம். ஒன்பது வைஃபை தெரிந்தது. 2.4 இல் இலங்கையில் பதின்மூன்று சனல் பாவிக்கலாம், ஆனால் பதின்மூன்று வளவு இருக்கிறது என்று நினைக்கக்கூடாது. ஒரு சனலுக்கும் அடுத்ததுக்கும் இடையில் 5 மெகாஹேட்ஸ், ஒரு ரவுட்டர் கதைக்க வேண்டிய அகலம் 20 மெகாஹேட்ஸ். ஆகவே ஒன்றுக்கொன்று முட்டாமல் இருக்க வழக்கமாகப் பாவிக்கிறவை மூன்று: 1, 6, 11. ஒரே சனலில் இரண்டு வீடு இருந்தால் ஒருத்தர் கதைக்கிறது மற்றவருக்குக் கேட்கும், முறை வைத்துக் கதைப்பார்கள். 6 இல் ஒரு வீடு, 4 இல் ஒரு வீடு என்று இருந்தால்தான் வில்லங்கம். முறை வைக்கிற அளவுக்கு மற்றவரின் கதை விளங்காது, இரைச்சலாக மட்டும் கேட்கும். எங்களுடையது 6. பக்கத்து வீடு 4. பின்வளவு 8, அதுவும் 40 மெகாஹேட்ஸ் அகலத்தில்.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவைக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. இரவோடிரவாகக் கதியாலை அரை அடி தள்ளி நடுகிற கதை எல்லாக் குடும்பத்திலும் ஒன்று இருக்கும். ஆனால் இந்த வேலிக்கு உறுதி கிடையாது, வழக்குப் போடவும் ஏலாது. 1985 இல் அமெரிக்காவின் தொடர்பாடல் ஆணைக்குழு இந்த அலைவரிசையை உரிமம் இல்லாமல் ஆரும் பாவிக்கலாம் என்று திறந்துவிட்டது, மைக்ரோவேவ் அடுப்புகள் இரைகிற இடம், வேறு ஒருத்தருக்கும் பெரிதாக வேண்டாம் என்று கிடந்த துண்டு. மற்ற நாடுகளும் பின்னால் வந்தன. வைஃபை இவ்வளவு மலிவாக எல்லார் வீட்டுக்கும் வந்ததற்கு அது ஒரு காரணம். பக்கத்து வீட்டு ரவுட்டர் எங்கட செத்த வீட்டைக் குழப்பினால் முறையிட இடம் இல்லாததற்கும் அதுவே காரணம்.

ஆகவே போய்க் கதைத்தோம். பக்கத்து வீட்டு அண்ணைக்கு முதலில் சந்தேகம். "எங்கட நெற்றக் குறைச்சு உங்கட பக்கம் எடுக்கப் போறியளோ?" இல்லை அண்ணை, உங்களுக்கும் கூடத்தான் வரும் என்று சொல்லி, அவரின் ரவுட்டரைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டைப் பார்த்து, 4 ஐ 1 ஆக்கினோம். அவர் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு பொத்தானுக்கும் இது என்ன, அது என்ன என்று கேட்டார். பின்வளவு மாமி கேட்கவே இல்லை, "நீங்கள் செய்யுங்கோ பிள்ளையள், எனக்கென்ன விளங்கப் போகுது" என்றுவிட்டு முருங்கைக்காய் தந்துவிட்டா. அது 11, அகலம் 20. நாங்கள் 6 இலேயே இருந்தோம். 1, 6, 11 என்று எழுதி மூன்று ரவுட்டரிலும் துண்டு ஒட்டினோம். ரவுட்டரைச் சும்மா தானே தெரிவு செய்ய விட்டால், ஓன் பண்ணின நேரம் எது வெறுமையோ அதில் போய்க் குந்தும், நாளைக்கு எங்கே இருக்கும் என்று தெரியாது.

இருபத்தேழாம் நாள் இரவு பிங் ஆயிரம் தரம் கேட்டது. மூன்று காணவில்லை. ஆயிரத்தில் மூன்றுக்கு நாங்கள் தலையை உடைக்கவில்லை.

அந்தியேட்டி நேரலை இரண்டரை மணித்தியாலம். இந்த முறை சொந்தக்காரர் ஒருத்தரையும் கூப்பிடவில்லை, அம்மம்மா வேண்டாம் என்றா. நிற்காமல் ஓடியது. இடையில் அவ திரையில் ஆக்களை அடையாளம் பிடித்துக்கொண்டிருந்தா. அவள் ஆற்ர மகள், இவன் ஏன் இப்படி மெலிஞ்சு போனான், தம்பியின்ர படத்துக்குப் போட்ட மாலை ஏன் இவ்வளவு சின்னன். ஐயர் மந்திரத்தை ஓட்டுகிறார் என்று ஒரு குறையும் சொன்னா. படம் முடிந்து திரை கறுப்பானபோது எங்கள் மூன்று பேரையும் பார்த்தா. கொழும்பில் இருந்தவர் அதற்காக லீவு போட்டு வந்திருந்தார். நிப்பாட்டினது அவங்கள்தானே, எங்கட பெட்டி இல்லையே என்று உறுதிப்படுத்தக் கேட்டா. அவங்கள்தான் என்றோம்.

அதற்குப் பிறகு ஒரு கிழமை இருக்கும். பின்னேரம் விளக்கு வைத்துவிட்டு வந்து கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, "அண்டைக்கு நிண்ட இடத்தில இருந்து போடு" என்றா. எந்த நாள் என்று நாங்கள் கேட்கவில்லை. அந்தப் பதிவை முதல் கிழமையே இறக்கி டிஸ்க்கில் வைத்திருந்தோம். கோட் போட்ட ஆளின் முதுகு வருகிற இடத்தைத் தேடிப் பிடித்து அதிலிருந்து போட்டோம். டிஸ்க்கில் இருந்து ஓடினதால் அதற்கு வைஃபை தேவைப்படவில்லை.